பருத்திச் செடியில் உயிரித் தொழில்நுட்பம்

உயிர்களின் இயல்பை அறிந்து, அதனை நம் தேவைக்குப் பயன்படுத்துவதே உயிரித் தொழில்நுட்பமாம். பாலுக்கு உறை ஊற்றுவதும் ஒருவகையில் இதுவே. ஆயினும், இன்று இப்பெயரைக் கேட்டவுடன் நம் அங்கத்தினர் நினைவுக்கு வருவது பி.டி. பருத்தியாகும்.

மண்ணில் வாழும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் நுண்ணுயிர், சில புழுக்களின் குடலைக் கெடுக்கும் புரதத்தை உண்டாக்குகிறது. அதற்குரிய மரபணுவைப் பெற்ற பருத்தி, அப்புரதத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தின்னும் காய்ப்புழு மடியும். இந்தியாவில் இதற்கு 2002-ஆம் ஆண்டில் அனுமதி கிடைத்தது; இரு மரபணுக்கள் கொண்ட விதை 2006-இல் வந்தது. சாறு உறிஞ்சும் தத்துப்பூச்சியையும் வெள்ளை ஈயையும் இப்புரதம் ஒன்றும் செய்யாது. விதை விற்போர் இதனை உரக்கச் சொல்வதில்லை.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவோ, நாளடைவில் இரு புரதங்களையும் தாங்கப் பழகிவிட்டது. காரணம் யாதெனில், வயல் முழுதும் பி.டி. செடியே இருப்பின், பிழைத்த புழுக்கள் தம்முள் கூடித் தம்மைப் போன்றவற்றையே பெருக்கும். ஓரத்தில் சாதாரணப் பருத்தியும் இருந்தால், அங்கு வளர்ந்த அந்துப்பூச்சிகளோடு கலந்து அத்திறன் பரவுவது தாமதமாகும். அதற்கெனப் பொதியுடன் தந்த விதையைப் பலர் விதையாமலே விட்டனர். புழு தின்ற காயின் பஞ்சு கறைபடும். அந்நட்டம் தறிவரை வரும்.

அறுவடைக்குப் பின் பருத்திமாரை வயலோரம் குவித்து வைத்தல் ஆகாது. அதில் எஞ்சிய காய்களுள் இப்புழு அடுத்த பருவம்வரை உறங்கிக் கிடக்கும்.