கோடுகள் பேசும்

சொல்லித் தீராத துயரைக் கோடும் வண்ணமும் சொல்லிவிடும். ஓவிய ஆசிரியை ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் இதை நன்கு அறிந்தவர்.

யூதப் பெண்மணியான அவரை நாஜிகள் 1942 டிசம்பரில், இன்றைய செக் நாட்டிலுள்ள டெரெசின் முகாமில் அடைத்தனர். அங்கே பெற்றோரைப் பிரிந்து வாடிய சிறுமியருக்கு அவர் ஓவியம் கற்பித்தார். அவர்கள் வீடும் பூவும் வண்ணத்துப்பூச்சியும் வரைந்தனர். ஏக்கம் உருவம் பெற்றது. மனச்சுமை சற்றே இறங்கியது. படத்தில் பெயர் எழுதும்படியும் அவர் வற்புறுத்தினார். முகாமில் வெறும் எண்ணாகிவிட்டவள் தாளில் தன் பெயரை மீட்டாள்.

1944 அக்டோபரில் ஆசிரியை ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அச்சிறாரிலும் பெரும்பாலோர் மாண்டனர். பெட்டிகளில் ஒளித்துவைத்த சுமார் 4,500 படங்கள் பிழைத்தன.

மாணவியரே, மனம் கனக்கும்போது ஒரு தாளை எடுங்கள். பரிசுக்காக அன்று, உங்களை நீங்களே அறிவதற்காக வரையுங்கள். பிறகு நம்பிக்கைக்குரியவரிடம் காட்டுங்கள்.