எண்பெருங்குன்றத்தில் இல்லறத்தார் பெயர்கள்

சம்மேத சிகரத்திற்கும் கிர்நாருக்கும் பல நாள் பயணம் செய்து சென்று வரும் நம் பெருமக்கள், மதுரையைச் சூழ்ந்துள்ள எண்பெருங்குன்றத்தை வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகும் ஓர் இடமாகவே பெரிதும் கருதி வருகின்றனர். அடிவாரத்தில் வண்டியை நிறுத்தி, கண்ணிற்பட்ட ஒரு திருவுருவத்தை வணங்கி, அரைமணி நேரத்தில் புறப்பட்டுவிடுவது வழக்கம். இக்குன்றுகளை அவ்வாறு காண இயலாது. நடந்து ஏறி, நின்று, படித்துக் காண வேண்டும். சென்ற தை மாதத்தில் வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளைச் சேர்ந்த நம் குடும்பத்தார் முப்பதுபேர் அளவில் ஒன்று கூடி, தொல்லியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் வழிகாட்ட, இரண்டு நாள் அவ்விதம் நடந்து வந்தோம். அங்கு அறிந்தவற்றை, நடந்த வரிசையில் அன்றிக் கால வரிசையில் ஈண்டு தருகின்றோம்.

எட்டுக் குன்றுகளின் பெயர்களைப் பழைய வெண்பா ஒன்று கூறுகின்றது. பரங்குன்றமும் ஆனைமலையும் இன்னவை என்பதில் ஐயமில்லை. ஏனையவற்றுள் சிலவற்றைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவை ஒரே தொடராக அமைந்தவை அல்ல. ஆதலின் குன்றுக்குக் குன்று வண்டியிற் சென்று, ஏறுவதும் இறங்குவதுமே நடையாகக் கொள்ள வேண்டும்.

காலத்தால் முற்பட்டது மாங்குளம். மேலூர் வட்டத்தில் மீனாட்சிபுரத்தை அடுத்த குன்றில் இயற்கைக் குகைகளும் கற்படுக்கைகளும் உள்ளன. குகை வாயிலின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பதை வழிகாட்டி அன்பர் முதலிற் காட்டினார். பாறை வழியே இறங்கும் மழைநீர் உள்ளே புகாமல் அக்காடியின் விளிம்பில் சொட்டி வெளியே விழுந்துவிடும். படுக்கைகள் வழுவழுப்பாக இழைக்கப்பட்டு, தலைப்பக்கம் சற்றே உயர்ந்துள்ளன. ஒருவர் ஒருக்கணித்துப் படுக்கும் அகலமே உடையவை. மழைக்காலத்தில் புல்லும் புழுவும் பல்கிப் பெருகும்போது நடந்து திரிந்தால் உயிர்க்கொலை நேருமாதலின் முனிவர் ஓரிடத்தில் தங்குவர் என்பதை நாம் அறிவோம். சாதுர்மாசிய விரதம் என்னும் அச்சொல்லின் பொருளை அக்காடியின் கீழ் நின்றபோது நம் இளைஞர்கள் தாமாகவே உணர்ந்துகொண்டனர்.

இங்குள்ள தமிழிக் கல்வெட்டுகள் ஆறு. இராபர்ட் சீவல் 1882இல் இவற்றைக் கண்டறிந்தார். இவற்றின் மொழி தமிழே என்பதை 1924இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். 1965இல் ஐராவதம் மகாதேவன் நெடுஞ்செழியன் பெயரை இவற்றிற் படித்தறிந்து, கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கணித்தார். பள்ளி யாருக்கு அளிக்கப்பட்டதோ அவர் பெயர் கணி நந்தன். அளித்தவர் பெயர்களோ பல. நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி, அரசனுக்கு உறவினனான மற்றொருவன், வெள்ளறை என்னும் ஊரின் வணிகர் குழுவாகிய நிகமத்தோர் எனக் கல் பேசுகின்றது.

"இங்கே படுத்திருந்த முனிவர்கள் யார்?" என்று எம்முடன் வந்த சிறுமி ஒருத்தி கேட்டாள். "பெரும்பாலோரின் பெயர் இல்லையம்மா, படுக்கை வெட்டிக் கொடுத்தவர் பெயர்தான் இருக்கிறது" என்றார் வழிகாட்டி. அவ்விடை எம்மைச் சிந்திக்க வைத்தது. முனிவர் தம் பெயரைப் பொறித்துக்கொள்ள வேண்டியவர் அல்லர். அவரைத் தாங்கியவர்கள் நம்மைப் போன்ற இல்லறத்தார். ஆசாரிய சமந்தபத்திரர் இரத்தினகரண்டகத்தில் சிராவகர் செய்யும் தொண்டாக உணவு, மருந்து, உபகரணம், உறைவிடம் என்னும் நான்கினைக் கூறுகின்றார். அந்நூலின் தமிழ் வடிவமே அருங்கலச்செப்பு என்பதை நம் இல்லங்களில் அறியாதார் இலர். ஆனைமலைத் தமிழிக் கல்வெட்டில் ‘உறையுள்’ என்னும் சொல்லே ஆளப்பட்டிருத்தல் நோக்கத்தக்கது.

இந்த எண்ணத்துடன் கிடாரிப்பட்டி வழியாக அழகர்மலைக் குகைக்கு ஏறியபோது மகிழ்ச்சி பன்மடங்காயிற்று. உள்ளே சுனை, மேலே பாறை விளிம்பில் எழுத்துகள். உப்பு வணிகன், அறுவை வணிகன், பாணித வணிகன், கொழு வணிகன், மதுரைப் பொற்கொல்லன் என ஒரு கடைத்தெருவே அங்குள்ளது. அறுவை என்பது துணி. பாணிதம் என்பது வெல்லப்பாகு. கொழு என்பது கலப்பையின் இரும்பு. ஏர் பிடித்தால் மண்ணிலுள்ள உயிர்கள் மடியுமே என்று கலங்கும் நம் உழவர் பெருமக்கள், கொழு விற்றவனும் பள்ளிக்குக் கொடையளித்தான் என்பதைக் கருத வேண்டும். அணுவிரதம் இல்லறத்தாருக்கு உரியது என்பதன் கண்கூடான சான்று இது.

திருப்பரங்குன்றக் கல்வெட்டொன்று எருக்காட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவனைக் குறிப்பிடுகின்றது. குடும்பிகன் என்றால் இல்லறத்தான் என்றே பொருள். கொங்கர் புளியங்குளத்தில் கொடையளித்தவனை உபாசகன் என்னும் பொருள்பட எழுதியுள்ளனர். அவன் கொடுத்தது கூரை. கூரையைத் தாங்கிய கால்களுக்கான குழிகள் பாறையில் இன்றும் உள்ளன.

ஏறத்தாழ ஓராயிரம் ஆண்டு கடந்து, கீழக்குயில்குடிச் சமணர்மலைக்கு வருவோம். தாமரைக் குளமும் ஐயனார் கோயிலும் கடந்து படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனையின் மேலே பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் திருமேனிகளும் பாகுபலியும் அமைந்துள்ளன. கீழே வட்டெழுத்துகள். பார்சுவநாதரை ஐந்தலை நாகத்தாலும், பாகுபலியைக் கால்களைச் சுற்றிய கொடியாலும் இருமருங்கும் நிற்கும் பிராமி, சுந்தரி என்னும் சகோதரியராலும் அறியலாம். மலையின் மறுபக்கத்துச் செட்டிப்புடவில் முக்குடைக்கீழ் அமர்ந்த பெரிய திருவுருவத்தை, நீண்ட காதுகளைக் கண்டு செட்டியார் என்று கருதியே ஊரார் அப்பெயரிட்டனர் என்பர். அன்போடு இட்ட பெயராதலின் அதனைத் திருத்த முற்பட வேண்டுவதில்லை என்பது எம் கருத்து.

பேச்சிப்பள்ளத்து வட்டெழுத்துகளுள் ஒன்று, அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று கூறுகின்றது. அச்சணந்தி முனிவர் ஆனைமலை, அழகர்மலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம் என எங்கும் திருவுருவங்கள் செய்வித்தவர். இல்லம் துறந்த அவருடைய தாயார் தம்மை அவர் தாயென்றே எழுதுவித்தார். நம் சகோதரியர் சிலர் அவ்விடத்தை விட்டு அகல மனமின்றி நெடுநேரம் நின்றனர்.

அங்குதான் ஒரு கருத்து வேறுபாடும் எழுந்தது. பெரியவர் ஒருவர் பாலும் சந்தனமும் கொண்டு வந்திருந்தார். வழிகாட்டி அன்பர் பணிவுடன் தடுத்தார். பிசுக்குப் படிந்த பாறையில் தூசியும் பாசியும் ஏறி வடிவம் மங்கும். அன்றியும் இவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள். பெரியவர் வருந்தினாலும் இசைந்து, நமோகார மந்திரத்தை அனைவரும் கூறச் செய்தார். எழுத்தைப் படிக்கச் சுண்ணக்கட்டி தேய்ப்பதும் அதுபோன்ற தீங்கே. சாய்ந்த வெயிலில் பார்த்தால் எழுத்து தானே தெரியும். விடியலில் ஏறச் சொல்வது இதனால்தான். அடிவாரத்தில் புதிய பளிங்குச் சிலை நிறுவலாம் என்ற யோசனையும் கூறப்பட்டது. நாம் கேட்டறிந்தவரை இச்சிற்றூர்களில் நம்மவர் குடும்பம் ஒன்றுமில்லை. நாள்தோறும் பூசை செய்வார் இல்லாத இடத்தில் சிலை வைப்பதை எம்மால் ஏற்க இயலவில்லை.

அங்ஙனமாயின் இவற்றைக் காப்பவர் யார்? இதற்கு அரிட்டாபட்டியில் விடை கிடைத்தது. அங்கும் தமிழிக் கல்வெட்டும், பிற்காலத்தில் அச்சணந்தி செய்வித்த தீர்த்தங்கரர் திருவுருவமும் உள்ளன. அதன் கீழுள்ள வட்டெழுத்து, இத்திருமேனி பாதிரிக்குடியார் இரட்சை, அதாவது அவ்வூராரின் காவல் என்று முடிகின்றது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.42 ஹெக்டேர் நிலம் தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், இப்பகுதியை உள்ளடக்கிய சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் கனிமம் எடுக்க ஏலம் முடிந்த செய்தி வந்தது. ஊர்தோறும் மக்கள் கூடி எதிர்த்தனர். 2024 டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைவரை உழவர் பெருமக்கள் நடந்தே சென்றனர். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை இரத்துச் செய்தது. நம் சமூகத்தார் எத்தனைபேர் அப்போது ஒரு கடிதமேனும் எழுதினோம் என்று எம்முள் ஒருவர் கேட்டார். விடை கூறுவாரில்லை.

அரிட்டாபட்டியில் இறங்கியதும் ஊர்ப்பெரியவர்கள் எங்களை மரத்தடியில் அமரச் செய்து மோர் கொடுத்தனர். அடுத்த நடை மாசியில் கொங்கர் புளியங்குளத்திற்கும் முத்துப்பட்டிக்கும் ஆகும். வருவோர் வடிகட்டிய நீரும், சூரியன் மறையுமுன் உண்ணத்தக்க கட்டுச்சோறும் கொண்டு வருக. பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் தந்து அனுப்புக. கொடையாளர் பெயர்களை அவர்களே எழுதிக்கொள்ளட்டும்.