கேஸ் நடக்கும்போதே பிள்ளையின் பணத்தைக் கூட்டிக் கேட்கலாமா?



போன மாதம் திண்டிவனம் பக்கம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு எழுதி முடிச்ச பிறகு ஒரு அக்கா மெதுவா கேட்டாங்க. "விவாகரத்து கேஸ் மூணு வருஷமா இழுக்குது. பையனுக்கு மாசம் 2,000-னு கோர்ட்டுல போட்டப்ப அவன் பால்வாடி. இப்ப ரெண்டாவது படிக்கிறான். கேஸ் முடியிற வரைக்கும் அதே 2,000 தானா மேடம்?"

இல்லைங்க. நிலைமை மாறினா தொகையையும் மாற்றலாம். ஆனா அது தானா கூடாது, மனு போட்டாத்தான் கூடும்.

விவாகரத்து நடக்கிற கோர்ட்டிலேயே தொகை போட்டிருந்தால், இந்து திருமணச் சட்டம் 26-வது பிரிவில் அங்கேயே மாற்றிக் கேட்கலாம். மாஜிஸ்திரேட் அல்லது குடும்ப நீதிமன்றத்தில் தனியா ஜீவனாம்ச வழக்கு போட்டு வாங்கியிருந்தால் வேறு பிரிவு. பழைய 125, 127 என்று நாம் பயிற்சியில் படித்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144, 146 ஆகிவிட்டது. இது எல்லா மதத்தினருக்கும் பொது. இடைக்காலத் தொகையையும் இதில் மாற்றலாம்.

பிள்ளை வளர்ந்தால் செலவு வளரும் என்பது கோர்ட்டுக்கும் தெரியும். நாக்பூரில் ஒரு குடும்ப நீதிமன்றம் 2015-ல் ஒரு பையனுக்கு முதல் இரண்டு வருஷத்துக்கு மாதம் 5,000, அதற்குப் பிறகு 10,000 என்று உத்தரவு போட்டது. கணவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். அதுதான் ரஜ்னேஷ் – நேகா வழக்கு. 2020 நவம்பர் 4-ல் தீர்ப்பு வந்தது. ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்தே கொடுக்கணும், இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் பிரமாணப் பத்திரமா கொடுக்கணும் என்று அதில் சொன்னாங்க. விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவமே இருக்கு.

அந்தப் படிவத்தில் நம்ம பெண்கள் தடுமாறுற இடம் ஒன்று. குழுக்கடன் 50,000 வாங்கியிருந்தா, "அவளுக்குத்தான் பணம் வருதே" என்று எதிர்த்தரப்பு சொல்லும். கடன் வருமானம் இல்லை. குழு பாஸ்புக் ஜெராக்ஸ் வைத்து, கடன் என்ற இடத்தில் எழுதுங்க. அதே சமயம் பால் ஊற்றி வரும் பணத்தை மறைக்காதீங்க. பொய் தெரிந்தால் மற்றதையும் நம்ப மாட்டாங்க.

இன்னொன்று. "வேலை இல்ல, இனிமே 1,000 தான்" என்று அவர் வீட்டு வாசலில் சொன்னால் தொகை குறைஞ்சிடாது. அவரும் கோர்ட்டில்தான் கேட்கணும். அதுவரை மீதி பாக்கிதான். 144-ல் வாங்கிய உத்தரவாக இருந்தால், பாக்கி சேர்ந்த ஒரு வருஷத்துக்குள் வசூல் மனு போட்டால்தான் வாரண்ட் கேட்க முடியும். "பாவம், அப்புறம் பாத்துக்கலாம்"னு விட்டு ஏமாந்தவங்க நம்ம குழுக்களில் நிறைய.

எடுத்துப் போக வேண்டியது: உத்தரவு நகல், பள்ளி ரசீது, மருந்துச் சீட்டு, பணம் வந்த பேங்க் பாஸ்புக். அவர் வேலை, வண்டி, நிலம் பற்றித் தெரிந்ததையும் எழுதி வையுங்க.

வக்கீல் பீஸுக்குப் பயந்து உட்கார வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. விழுப்புரத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிலும், திண்டிவனத்தில் வட்ட சட்டப்பணிகள் குழுவிலும் கேட்கலாம். போன் 15100.

அந்த அக்காவிடம் உத்தரவு நகலே இல்லை. முதலில் அதை வாங்கச் சொல்லியிருக்கேன். கோர்ட்டுக்குப் போகும்போது குழுப் பிரதிநிதியும் கூடப் போறாங்க.