போனைப் பிடுங்கினால் பிள்ளை தப்பிவிடுமா?

“தனியா நம்ம போன்ல பார்க்கிறது யாருக்குத் தெரியப்போகுது?”

2020 ஜனவரியில் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சிறுவர்கள் பாலியல் கொடுமைக்கு உள்ளாகும் வீடியோக்களை ஓர் இளைஞர் போனில் இறக்கி வைத்திருக்கிறார் என்பது தகவல். அது புறப்பட்ட இடம் அமெரிக்கா. காணாமற்போன, சுரண்டலுக்கு உள்ளான குழந்தைகளுக்கான தேசிய மையம் என்ற அமைப்புக்கு இணைய நிறுவனங்கள் இத்தகைய படங்களைப் பற்றித் தெரிவிக்கின்றன. 2019-இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி அந்தத் தகவல் டெல்லியிலுள்ள தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வருகிறது. அங்கிருந்து மாநிலக் காவல்துறைக்கு, பிறகு நம் ஊர் ஸ்டேஷனுக்கு.

தனியாக இறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சொல்லி, 2024 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. பலர் மனதில் நின்றுபோனது அந்தச் செய்திதான். ஆனால் அதே ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி, அன்றைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி பர்திவாலாவும் அடங்கிய உச்சநீதிமன்ற அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. திருவள்ளூர் மகளிர் நீதிமன்றத்தில் விசாரணை மீண்டும் நடக்க வேண்டும் என்றது. பெரிய பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

“நாலு பேர் உஷாரா இருக்கட்டும்னுதான் குரூப்ல போட்டேன்.”

குழந்தையைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தும் வீடியோ ஒன்று அபார்ட்மென்ட் குரூப்பில் வந்து விழுகிறது. பதறிப்போய் இன்னொரு குரூப்புக்கு அனுப்புகிறோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவில், புகார் செய்வதற்கும் நீதிமன்றச் சான்றுக்கும் மட்டுமே விலக்கு உண்டு. மற்றபடி பரப்பினால் மூன்று ஆண்டு வரை சிறை. நல்ல எண்ணம் அந்த விலக்கில் சேராது. படத்திலுள்ள குழந்தைக்கோ ஒவ்வொரு ஃபார்வர்டும் இன்னொரு முறை நடக்கும் கொடுமை. மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில், குழந்தைகள் தொடர்பான புகாரை நம் பெயர் தராமலே பதியலாம்.

உண்மையா என்று பாராமல் அனுப்பிய எச்சரிக்கை என்ன செய்யும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2018 மே மாதம் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியபோது, நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் ஒரு மனிதரை அடித்தே கொன்றார்கள். அதே மாதம் போளூர் அருகே, சென்னையிலிருந்து போன வயதான பெண் ஒருவர், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகக் கொல்லப்பட்டார்.

அந்த வதந்தி சொன்ன ஆள் வெளியூர்க்காரன். ஆனால் போக்சோ வழக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவர் என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. இணையத்தில் அந்நியரும் சில நாளில் தெரிந்தவராகிவிடுகிறார். ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் விளையாட்டில் ஒன்றாக ஆடுவார், அதற்கு வேண்டிய டைமண்ட் வாங்கித் தருவார், பிறகு இன்ஸ்டாவுக்கு வரச்சொல்வார். அதற்குள் பிள்ளைக்கு அவர் “அண்ணா”.

“பையன்தானே, அவனுக்கு என்ன?”

பெண் பெயரில், பெண் டிபியோடு பேசி, ஒரு படம் வாங்கிக்கொண்டு பணம் கேட்டு மிரட்டும் கும்பல்கள் குறிவைப்பது பெரும்பாலும் பையன்களைத்தான். போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் பொது.

“போனைப் பிடுங்கிட்டா பிரச்சினை தீர்ந்துச்சு.”

நான் அதிகம் கவலைப்படுவது இந்த நம்பிக்கையைப் பற்றித்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் அப்பா ஷிப்டு, அம்மா ஏற்றுமதி கம்பெனியில் தையல். பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் அவர்களுக்கும் இடையே இருப்பது அந்த ஒரு போன்தான். கொரோனா காலத்து ஆன்லைன் வகுப்புக்காக அதைக் கடனில் வாங்கிய வீடுகள் எத்தனையோ. அதைப் பிடுங்கினால் பிள்ளை தோழியின் போனில் அதே அக்கவுண்டைத் திறக்கும். பாஸ்வேர்டும் ஃபேமிலி லிங்க் போன்ற கட்டுப்பாடுகளும் சிறு பிள்ளைகளுக்கு வேண்டும்தான். பதினான்கு வயதுக்கு அவை மட்டும் போதாது.

மிரட்டுகிறவன் என்ன சொல்லி மிரட்டுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். “உங்க அப்பாகிட்ட சொல்லிடுவேன், அம்மாவுக்கு அனுப்பிடுவேன்.” அவனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் நம்மைப் பற்றிய பயம். வீட்டில் தெரிந்தால் அடி, படிப்பு நிற்கும், போன் போகும் என்று பிள்ளை நம்பும்வரை அவன் கேட்டதெல்லாம் கிடைக்கும். அந்த ஆயுதத்தை அவன் கையிலிருந்து பறிக்க நம்மால்தான் முடியும். ஒன்றும் நடக்காத ஒரு சாதாரண நாளில், சாப்பிடும்போது சொல்லுங்கள்: “நீ தப்பே பண்ணியிருந்தாலும் சரி, முதல்ல எங்ககிட்ட வா. போனைப் பிடுங்கமாட்டோம், அடிக்கமாட்டோம்.” சொன்ன பிறகு, அது உண்மையா என்று பிள்ளை சின்ன விஷயத்தில் சோதித்துப் பார்க்கும். கண்ணாடி உடைந்ததற்குக் கத்தினால், படம் போனதைப் பற்றி ஒருநாளும் சொல்லாது.

சொல்லிவிட்டால் செய்ய வேண்டியவை: பணம் கட்டாதீர்கள், கட்டினால் மேலும் கேட்பான். கோபத்தில் சாட் பதிவுகளை அழிக்காதீர்கள். ஐடி, நம்பர், மிரட்டல் வரிகள், நேரம் எல்லாம் இருக்கட்டும். படம் பரவிவிடுமோ என்ற பதற்றத்துக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. அம்பத்தூருக்குத் தகவல் அனுப்பிய அதே அமெரிக்க மையம் நடத்துவது. படம் போனைவிட்டு வெளியே போகாமலே அதற்கொரு எண் அடையாளம் உருவாகிறது. இன்ஸ்டா, ஃபேஸ்புக் போன்றவை அதை வைத்துத் தம் தளத்தில் தேடி நீக்குகின்றன.

“போலீசுக்குப் போனா மானம் போயிடும்.”

எங்கே போவது என்றால், ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி மூன்றும் 2022 ஜனவரி 1 முதல் ஆவடி போலீஸ் கமிஷனரகத்தின் கீழ். நேரில் போகத் தயங்கினால் 1098 குழந்தைகள் உதவி எண். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண். குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோவின் 23-ஆம் பிரிவு. 24-ஆம் பிரிவின்படி வாக்குமூலம் வாங்க அதிகாரி பிள்ளையின் வீட்டுக்கோ பிள்ளை கேட்கும் இடத்துக்கோ வர வேண்டும். கூடியவரை பெண் அதிகாரி, சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாதவர், யூனிஃபார்ம் இல்லாமல். அப்போது அம்மாவோ அப்பாவோ, பிள்ளை நம்பும் வேறொருவரோ பக்கத்தில் இருக்கலாம்.