சொந்தமாகக் கட்டும் விமானத்துக்கு இருக்கை

அமெரிக்காவில் ஆர்.வி. ரக விமானங்களை வீட்டு ஷெட்டிலேயே கட்டுபவர்கள் பலர் கடைசியாகக் கைவைப்பது இருக்கையில். அங்கேதான் அவசரம் கூடாது.

சோபாவுக்குப் போடும் மெத்துமெத்தென்ற ஃபோம் வேண்டவே வேண்டாம். விமானம் தரையில் பலமாக மோதினால் அது முழுக்க அமுங்கி, ஸ்பிரிங் போல எகிறும். அடி முதுகெலும்பில் இறங்கும். அதிர்ச்சி தாங்கும் விமான ஃபோம் என்றே கேட்டு வாங்குங்கள். கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் குழி நிதானமாகத்தான் நிரம்பும். குளிர்காலக் காலையில் கட்டைபோல் இறுகியிருக்கும். உடம்புச் சூடு பட்டதும் இளகிவிடும்.

விமானத்தின் கண்ணாடிக் கூரைக்கு அடியில் ரெக்சின் உறை வெயிலில் கொதிக்கும். என் தேர்வு கம்பளித் துணி, எளிதில் தீப்பிடிக்காது. ஆனாலும் துணி, ஃபோம், பசை மூன்றையும் சேர்த்து ஒட்டிய ஒரு துண்டை வெட்டவெளியில் கொளுத்திப் பாருங்கள். நெருப்பை விலக்கியதும் அணைய வேண்டும். தனித்தனியே தேறுபவை சேர்ந்தால் எரியலாம்.

தைக்கும் முன் ஹெட்செட் மாட்டி உட்கார்ந்து கூரையை மூடுங்கள். விமானத்தை இயக்கும் ஸ்டிக்கை முழுக்கப் பின்னால் இழுங்கள். மெத்தையில் முட்டினால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த முன்விளிம்பை வெட்டியே ஆக வேண்டும். முடிந்ததும் மெத்தைகளோடு விமானத்தை எடை போடுங்கள்.