லாச்சிப் பணம் வீட்டுப் பணமல்ல

2022ஆம் ஆண்டு நெருக்கடியை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வருடம் செப்டம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவு விலை ஓராண்டில் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. அக்கரப்பத்தனைத் தோட்டங்களிலோ 2021இல் நிர்ணயித்த 1,000 ரூபாதான் நாட்சம்பளம். என் கடையில் கடன் கொப்பி தடித்தது.

அப்போது நானும் ஒரு தவறு செய்தேன். வீட்டுச் செலவுக்கு லாச்சியிலிருந்து கணக்கில்லாமல் எடுத்தேன். விலை கூடியதால் லாச்சி நிறைந்தது. அதை இலாபமென்று நம்பினேன்.

உதாரணமாக, 10,000 ரூபாவுக்கு வாங்கிய சீனி மூடையை 11,000க்கு விற்கிறோம். அடுத்த மூடை 13,000 ஆகிவிட்டது. 'இலாபம்' 1,000ஐ வீட்டுக்கு எடுத்தால், புது மூடைக்கு 3,000 குறைகிறது. நாம் சாப்பிட்டது இலாபத்தையல்ல, முதலை.

என் மனைவிதான் வழி சொன்னார்: "கடைப் பொடியனுக்குச் சம்பளம் குடுக்கிறீங்கதானே, நீங்களும் ஒரு சம்பளம் எடுங்களே."

அன்றிலிருந்து நான் கடைப்பிடிப்பவை:

1. வீட்டுக்கு மாதம் ஒரே தொகை. இடையில் லாச்சியைத் தொடுவதில்லை.

2. கடையிலிருந்து வீட்டுக்குப் போகும் சாமானையும் கொப்பியில் எழுதி, அத்தொகையில் கழிப்பது.

3. மருந்து, பள்ளிக்கூடச் செலவு, மின்கட்டணம் முதலில். விருந்தும் புதுத்துணியும் கடைசியில்.

4. கடனுக்கு அரிசி, மா, பருப்பு போன்றவை மட்டும். அதுவும் அடுத்த சம்பளத்தில் அடைக்கக்கூடிய அளவுக்கே.

சகோதரர்களே, நம் முதல் கரைந்தால் கடை மூடப்படும். அன்று நம் வீட்டு அடுப்போடு, நம் கொப்பியை நம்பியிருக்கும் லயத்து அடுப்புகளும் அணைந்துவிடும்.