கீல்டர் காட்டுவழிகள்

மிதிவண்டி என்றதும் சமமான சாலையே நம் நினைவிற்கு வரும். ஆயின், சாலையே இல்லாத மலைச்சரிவிலும், மரவேர்கள் பின்னிக் கிடக்கும் காட்டு வழியிலும் செல்வதற்கென்றே அமைந்த மிதிவண்டியும் உண்டு. அதனை மலை மிதிவண்டி என்பர். அவ்வண்டியில் ஏறி மக்கள் காடும் ஏரியும் கண்டு களிக்கும் இடங்களுள் ஒன்று கீல்டர். இது இங்கிலாந்தின் வடபகுதியாகிய நார்தம்பர்லாந்தில், ஸ்காட்லாந்தின் எல்லையை ஒட்டி அமைந்துள்ளது. அவ்வழிகளின் வரலாற்றையும், அவை நமக்குக் கற்பிக்கும் பாடத்தையும் இங்குக் காண்போம்.

வண்டியின் தோற்றம்

மலை மிதிவண்டி பிறந்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஆகும். அங்கு, டமல்பையஸ் என்னும் மலைப் பகுதியில், 1970-களில் இளைஞர் சிலர் பழைய வண்டிகளைத் திருத்தி, மண்பாதைகளில் விரைந்து இறங்கி விளையாடினர். கரடுமுரடான இறக்கத்தில் அவ்வண்டிகள் அடிக்கடி பழுதுபட்டன. ஆகவே, அவ்விளைஞருள் ஒருவரான ஜோ பிரீஸ் என்பார் 1977-ஆம் ஆண்டில் இதற்கெனவே உறுதியான சட்டம் ஒன்றைச் செய்தார். விளையாட்டாகத் தொடங்கிய முயற்சி 1996-ஆம் ஆண்டில் அட்லாண்டா ஒலிம்பிக் பந்தயத்தில் இடம்பெறும் அளவிற்கு வளர்ந்தது.

இவ்வண்டியின் சக்கரப் பட்டைகள் அகன்றவை. முண்டு முண்டான பிடிப்பு உடையவை. அவற்றில் காற்றைச் சற்றுக் குறைவாக அடைப்பதால், பட்டை நிலத்தில் படிந்து நன்கு பற்றிக் கொள்கிறது. அதிர்ச்சியைத் தாங்கும் சுருள்வில் அல்லது காற்றுக்குழல் முன்புறத்தில் பொருத்தப்பட்டிருக்கும். ஏற்றத்தில் எளிதாக மிதிப்பதற்குப் பல பற்சக்கரங்களும், இறக்கத்தில் வேகத்தை அடக்குவதற்கு வலிய தடைகளும் உண்டு.

மனிதர் வளர்த்த காடு

கீல்டர் காட்டைக் காண்போர், அது தொன்றுதொட்டு இயற்கையாய் வளர்ந்தது என்றே எண்ணுவர். உண்மை அஃதன்று. ஒரு நூற்றாண்டிற்கு முன்னர் அந்நிலம் ஆடுகள் மேய்ந்த வெற்று மேட்டு நிலமாகவே இருந்தது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் மரப்பஞ்சம் மிகுந்தது. எனவே, 1919-ஆம் ஆண்டில் காடு வளர்ப்பதற்கென ஓர் அரசு ஆணையம் அமைக்கப்பெற்றது. 1926-ஆம் ஆண்டு முதல் கீல்டரில் மரக்கன்றுகள் நடப்பட்டன. இன்று அக்காடு ஏறத்தாழ 600 சதுரக் கிலோமீட்டர் பரந்து, இங்கிலாந்தின் மிகப்பெரிய வளர்ப்புக் காடாக விளங்குகிறது. அதிலுள்ள மரங்களுட் பெரும்பாலானவை வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரையைத் தாயகமாகக் கொண்ட சிட்கா ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்களே.

மூழ்கிய பள்ளத்தாக்கு

காட்டின் நடுவே அமைந்த ஏரியும் மனிதர் ஆக்கியதே. டீஸ் ஆற்றங்கரையில் இருந்த எஃகு, இரசாயனத் தொழிற்சாலைகளுக்கு நீர் பெருமளவில் வேண்டியிருக்கும் எனக் கருதி, டைன் ஆற்றின் வடகிளையில் அணை ஒன்றை எழுப்பினர். 1975-ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. 1982-ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியார் அணையைத் திறந்து வைத்தார். ஏறத்தாழ 20,000 கோடி லிட்டர் நீரைத் தேக்கவல்ல அவ்வேரி, கொள்ளளவில் பிரிட்டனின் மனிதர் ஆக்கிய ஏரிகளுள் முதன்மையானது.

இப்பெருமைக்குக் கொடுத்த விலை சிறிதன்று. பள்ளத்தாக்கில் இருந்த பண்ணைகளும் வீடுகளும் நீரில் மூழ்கின. தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தோர் வேறிடம் பெயர்ந்தனர். 1956-ஆம் ஆண்டில் பயணிகள் வண்டி நின்றுபோன பழைய இருப்புப்பாதையின் ஒரு பகுதியும் நீருக்குள் மறைந்தது. பின்னரோ, தொழிற்சாலைகள் நலிவுற்றமையால், எதிர்பார்த்த அளவு நீர் தேவைப்படவில்லை! எனினும், அந்நீர் வறட்சிக் காலத்தில் வடகிழக்குப் பகுதியின் ஆறுகளுக்குத் துணை செய்கிறது, மின்னாற்றலும் தருகிறது.

நிறம் காட்டும் வழிகள்

1775-ஆம் ஆண்டில் கோமகன் ஒருவர் வேட்டை மாளிகையாகக் கட்டிய கீல்டர் கோட்டையின் அருகிலிருந்தே பல வழிகள் புறப்படுகின்றன. வழியின் கடுமையை நிறத்தால் குறிப்பர். பச்சை தொடக்கநிலையினர்க்கு உரியது. நீலம் ஓரளவு பழகியோர்க்கும், சிவப்பு தேர்ந்தோர்க்கும், கறுப்பு மிகவும் வல்லோர்க்கும் உரியன.

ஏரியைச் சுற்றி 42 கிலோமீட்டர் நீளமுள்ள கரைவழி ஒன்று உண்டு. நடப்போரும், மிதிவண்டியினரும், குதிரை ஏறிச் செல்வோரும் அதனைப் பொதுவாகப் பயன்படுத்துகின்றனர். 571 மீட்டர் உயரமுள்ள டெட்வாட்டர் குன்றின் சரிவுகளிலோ கடினமான வழிகள் ஏறி இறங்குகின்றன. மற்றொரு நெடுவழி, எல்லையைக் கடந்து ஸ்காட்லாந்தின் நியூகாசில்டன் வரை செல்கிறது. அவ்வழியில், முற்காலத்தில் சுங்கம் வாங்கிய இடத்தைக் காட்டும் பழைய கல்தூண் ஒன்று இன்றும் நிற்கிறது.

இவ்வழிகளை அமைப்பது எளிதன்று. அங்குள்ள நிலம் மட்கிய தாவரம் நிறைந்த ஈரநிலம். சக்கரம் சில முறை உருண்டாலே அது சேறாகிவிடும். ஆதலின், உடைத்த கல்லைப் பரப்பிக் கெட்டிப்படுத்துகின்றனர். மிக்க ஈரமான இடங்களில் மரப்பலகை வழி அமைக்கின்றனர். மழைநீர் வழியோடு ஓடினால் மண் அரிக்கும்; குறுக்கே வடிந்தால் வழி நிலைக்கும். இதனை அறிந்து, சரிவின் குறுக்கே வளைத்து வளைத்து வழி இடுகின்றனர். தன்னார்வத் தொண்டர்களும் இப்பணியில் கை கொடுக்கின்றனர்.

புயல் உணர்த்திய உண்மை

2021-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஆர்வென் என்னும் பெரும்புயல் வீசியது. அப்பகுதியில் பெருங்காற்று மேற்றிசையிலிருந்து வருவதே பெரும்பான்மை வழக்கம். மரங்களின் வேர்களும் அதற்கேற்பவே ஊன்றியிருந்தன. அன்றோ காற்று வடதிசையிலிருந்து சீறிற்று. ஈரநிலத்தில் ஆழ வேரூன்றாத மரங்கள் இலட்சக்கணக்கில் சாய்ந்தன. மிதிவண்டி வழிகள் பலவும் அடைபட்டன.

சாய்ந்த மரம் தீங்கற்றது என்று எண்ணலாகாது. வளைந்து அழுந்திக் கிடக்கும் மரம், அறுக்கும்போது விற்போல் நிமிர்ந்து தாக்கும். பாதி சாய்ந்த மரம் எப்பொழுது விழும் எனக் கூற இயலாது. எனவே, வழியை மூடி அறிவிப்பு வைத்தனர். அவ்வறிவிப்பைப் புறக்கணித்து உட்செல்வோர் தம் உயிருக்கும், மரம் அகற்றும் தொழிலாளர் உயிருக்கும் ஊறு தேடுவோர் ஆவர்.

வழிச்செல்வோர் கடமை

மாணவர்களே! கீல்டர் மரம் வெட்டும் காடாகவும், அரிய உயிர்களின் புகலிடமாகவும் இருக்கிறது. இங்கிலாந்தில் எஞ்சியுள்ள சிவப்பு அணில்களில் ஏறத்தாழப் பாதி இங்கு வாழ்கின்றன. நெடுங்காலம் காணாமற்போயிருந்த விரால் அடிப்பான் என்னும் பறவை, 2009-ஆம் ஆண்டில் இங்குக் கூடு கட்டிற்று. அத்தகைய இடத்திற்குச் செல்வோர் நடப்போருக்கு வழிவிடுதல் வேண்டும்; குதிரையைக் கண்டால் வேகத்தைத் தணித்தல் வேண்டும். தலைக்கவசம் இன்றிப் புறப்படலாகாது. கைப்பேசித் தொடர்பு கிட்டாத இடங்கள் பல உள்ளமையால், செல்லும் வழியையும் திரும்பும் நேரத்தையும் பிறரிடம் கூறிச் செல்லுதல் நன்று. தம் ஆற்றலுக்கு மீறிய நிறத்தைத் தேர்ந்தெடுப்பது வீரமன்று, பேதைமையே ஆகும்.

காட்டை வளர்த்தவரும், ஊரை இழந்தவரும், கல் சுமந்து வழி அமைத்தவரும் பலர். நொடிப்பொழுதில் அவ்வழியே விரைந்து செல்பவர் இவர்தம் உழைப்பின்மீதே செல்கிறார். இதனை உணர்ந்து ஒழுகுபவரே அவ்வழியில் செல்லத் தக்கவர்.

வினாக்கள்

1. கீல்டரில் காடு வளர்க்கப்பெற்ற காரணம் யாது?
2. அணை கட்டியதால் விளைந்த இழப்பும் பயனும் யாவை?
3. சரிவின் குறுக்கே வழி அமைப்பது ஏன்?
4. ஆர்வென் புயலில் மரங்கள் மிகுதியாகச் சாய்ந்தமைக்குரிய காரணங்களை விளக்குக.